ஏணியைப் பிடித்த கை

"தம்பி, அந்தோணி மாப்ள போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சுங்க."

போனில் வந்த குரல் சின்னப்பனுடையது. நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு அண்ணியை அழைத்தேன். அண்ணி அழுத பிறகுதான் என் அண்ணன் அந்தோணி இறந்துவிட்டார் என்பதை ஏற்றுக்கொண்டேன். சாவுச் செய்தியைச் சொன்னால்கூட நம்ப முடியாத வாய் அது. சின்னப்பனை நான் இங்கே 'அவர்' என்று எழுதுவதும் அண்ணனுக்காகத்தான்.

அண்ணன் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மிளகு பறித்தவர். சில்வர் ஓக் மரங்களில் உயரமாகப் படர்ந்த கொடிகளுக்கு ஒற்றை மூங்கில் ஏணிதான். மேலே ஏறுபவரின் உயிர், கீழே ஏணியைப் பிடித்திருப்பவரின் கையில். அண்ணனுக்கு ஏணி பிடித்தவர் சின்னப்பன். ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, ஒன்றாக வளர்ந்த நண்பர். முதல் படியில் கால் வைக்குமுன் அண்ணன், "புடிச்சுட்டீங்களா?" என்பார். "புடிச்சுட்டேனுங்க" என்று பதில் வந்த பிறகுதான் ஏறுவார்.

ஒருமுறை களத்தில் காய வைத்த மிளகில் ஒரு மூட்டை காணாமல் போனது. விசாரித்த எஸ்டேட் கணக்குப்பிள்ளை ரைட்டரிடம், "அந்தோணி தூக்கிட்டுப் போனத நான் பார்த்தேனுங்க" என்று சொன்னவர் இதே சின்னப்பன். அன்றே அண்ணனுக்கு வேலை போயிற்று. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. அண்ணன் வழக்கம்போல் முழங்காலிட்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு ஒண்டிக்கடை ஊர் மிளகு வியாபாரி ஒருவர் உளறிவிட்டார். அந்த மூட்டையைத் தன்னிடம் விற்றவர் சின்னப்பனேதான் என்றார். சின்னப்பனுக்கும் வேலை போயிற்று. எனக்கு அது போதவில்லை. நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"சிலுவ போடற கையால அவர அடிக்கப் போறியா, கண்ணு? எனக்கும் வயிறு எரியுது. எரியுதுன்னு ஆண்டவருகிட்டதான் சொல்லிட்டிருக்கறேன்."

அதோடு விட்டிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். அப்போது அண்ணன் எஸ்டேட்டுக்குத் திரும்பாமல் செம்மநத்தத்தில் சிறு தோட்டங்களில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஏணி பிடித்தவன் நான். சின்னப்பனை எவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டதும் தானே போய் அவரை அழைத்து வந்தார். என் கையிலிருந்த ஏணியை வாங்கி அவரிடம் கொடுத்தார். சின்னப்பன் செய்த துரோகத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது.

"ஏனுங்கண்ணா, என்னைய நம்பலீங்களா?"

"உன்னைய நம்பறதுக்கு எனக்கு ஜெபம் வேணாம், சாமி. அவர நம்பறதுக்குத்தான் நொம்ப வேணும்."

அன்று அண்ணன் ஏணியின் முதல் படியருகே வந்து நின்றார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, "புடிச்சுட்டீங்களா?" என்றார். சின்னப்பன் அழுதார். பதில் வரும்வரை காத்திருந்து அண்ணன் ஏறினார். நான் பஸ் ஏறிச் சேலத்துக்கு வேலை தேடிப் போய்விட்டேன். அதன்பின் அண்ணனோடு பேசினேன், சின்னப்பனோடு ஒரு வார்த்தையும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையில் நின்றவர் சின்னப்பன். வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"புடிச்சுட்டேனுங்க, தம்பி."

அண்ணா, அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உங்களைப் போல ஜெபிக்கவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கையை நம்பித்தான் உங்களைக் கீழே இறக்கினேன். போய் வாருங்கள்.