அம்மா கும்பிட்ட மிளகு மண்டி

பேளுக்குறிச்சியின் பழைய கடைவீதியில் அந்த மிளகு மண்டியை முதன்முதலில் பார்த்தபோது, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா இறந்த வருடம் அது. மிளகு மூட்டையோடு நாங்கள் இருவரும் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கியிருந்தோம். நாலு உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, பளிச்சென்று வெள்ளைச் சுண்ணாம்பு. கோயில் என்றே நினைத்துவிட்டாள். கல்லாவில் இருந்த பாய் சிரிக்கவில்லை.

"செருப்பப் போட்டுக்கங்க தாயி, இது கடைதானுங்க. நெழல்ல வந்து உக்காருங்க" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

பாயின் தாத்தா சென்னையில் ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டடத்தைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி கட்டினாராம். மிளகு விற்ற இடத்தில் பிறகு உரம் விற்றார்கள். கடைசியில் ஒரு பக்கம் செல்போன் கடை வந்தது. விளம்பரப் பலகைகள் முக்கோணத்தை மறைத்தன. அம்மா மட்டும் ஒவ்வொரு சந்தைக்கும் அந்தப் படியில் செருப்பைக் கழற்றினாள்.

"கடையப் போயி யாராச்சும் கும்பிடுவாங்களா?" என்று கத்துவேன்.

"மத்த கடைப்படியில உக்காந்தா எந்திரின்னு வெரட்டுனாங்க. இங்கதான் உக்காருன்னாங்க" என்பாள்.

இந்த வருடம் பாயின் மகன் போன் செய்தார். "இடிக்கப் போறோங்கக்கா. அம்மாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க."

அம்மா படுத்த படுக்கை. மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூரிலிருந்து பஸ்ஸில் அத்தனை வளைவுகளையும் தாங்குகிற உடம்பு இல்லை. "நீ போயி எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா கண்ணு" என்றாள். முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

நான் போவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஒரு தூண் நின்றது. உடைந்து கிடந்த மற்ற தூண்களுக்குள் வெறும் செங்கல். இத்தனை காலமும் கல் என்றே நம்பியிருந்தேன். என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன்.

பாயின் மகன் ஓடிவந்தார். "கழட்டாதீங்கக்கா, ஆணி கெடக்குது!"

கழற்றிவிட்டுத்தான் கும்பிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "கும்பிட்டியா?"

"கும்பிட்டேம்மா."

"நாலு தூணும் நல்லா இருக்குதா?"

"இருக்குதும்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் எதுக்குக் கண்ணு அழுவுற?"