சர்க்கரையைக் குறைத்த பனியன்

கந்தசாமி அண்ணன் காலமானார் என்ற தகவல் கைபேசியில் வந்தபோது, பழக்கதோஷத்தில் அதன் மேலே ‘விளம்பரம்’ என்று போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். போடவில்லை. செய்திதான். இந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு பழகிய உங்கள் முன்னால் சத்தியம் செய்து ஒரு கதை சொல்கிறேன், ஒருவரும் நம்பப்போவதில்லை.

திருப்பூரில் ஜிப், பட்டன் கடையின் மாடியில் இருந்தது அண்ணன் நடத்திய செய்தி இணையதளம். நான் அங்கே பிழை திருத்துபவன். பொய்யான வரியைப் படித்தால் அண்ணனின் புருவம் மேலேறி மின்விசிறியை நிறுத்திவிடும். கோடையில் எங்களுக்கு அதுதான் பெரிய சிரமம்.

ஒருநாள் ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்தார். காரின் முன்பக்கம் எங்கள் வாசலில் நின்றபோது, பின்பக்கம் பக்கத்து ஊரான மங்கலத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. கையில் எழுதிக் கொண்டுவந்த கட்டுரை: அவருடைய மூலிகைச் சாயப் பனியனைப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், மாத்திரையே வேண்டாம். ‘நமது நிருபர்’ என்று போட்டுச் செய்தியாக வரவேண்டுமாம்.

எனக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. குண்டடத்தில் என் மச்சான் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காது. மாத்திரையை நிறுத்தச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர். எங்கள் தளத்தில் வந்துவிட்டால் அவருக்கு அது வேதவாக்கு.

விளம்பரத்தைச் செய்தியாகக் கேட்பவர் யாராயிருந்தாலும் அண்ணன் ஒரே ஒரு சோதனை வைப்பார். “இத உங்க ஊட்டுல நம்புவாங்களாங்க? போனப் போட்டுக் கேளுங்க.”

முதலாளி மிடுக்காக ஸ்பீக்கரில் போட்டார். “அம்மா, நம்ம பனியனப் போட்டு மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல?”

“ஏங்கண்ணு, என்னையக் கொல்லப் பாக்கறயா? அது வண்டி தொடைக்கக் கெடக்குது. மாத்திர தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா.”

முதலாளியின் பேச்சு இறங்கி வந்தது. “மேல சின்னதா விளம்பரம்னு போட்டுக்கலாமுங்க.”

“பெருசாப் போட்டாலும் பொய் பொய்தானுங்க. பனியன் மெத்துனு இருக்குதுன்னு எழுதுங்க, விளம்பரமாப் போடறனுங்க. நியூஸோட சட்டைய மட்டும் அதுக்கு மாட்டி உடாதீங்க” என்றார் அண்ணன்.

முதலாளி கோபத்தில் விட்ட பெருமூச்சில் பல்லடம் வரை தறிகள் தானாக ஓடின. அன்று நான் விட்ட பெருமூச்சு அதைவிடப் பெரிது.

அண்ணனின் இறுதிச் சடங்குக்கு மச்சான் இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தார். சாப்பிட்டதும் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார். அழ வந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒற்றைக் கேள்விதான். எதைத் திருத்த உட்கார்ந்தாலும், இதை என் வீட்டில் நம்புவார்களா என்று கேட்டுக்கொள்கிறேன்.

கார் அவ்வளவு நீளமில்லை. புருவம் மின்விசிறியைத் தொட்டதில்லை. தறிகள் மின்சாரத்தில்தான் ஓடின. ஆனால் அந்த அம்மா சொன்ன பதில் மட்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை.