சரத்துக்குள் ஒரு கிளாரினெட்

கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்க பெத்தணனை விட்டால் ஆள் கிடையாது என்று ஏழாயிரம்பண்ணையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் காதால் கேட்டவர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். நான் அவருக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக சைடு டிரம் அடித்தவன். எனக்கே கேட்டதில்லை.

பகலில் அவர் பட்டாசு கம்பெனியில் பெட்டி கட்டுவார். முகூர்த்த மாதங்களில் எங்கள் பேண்டு செட்டில் முன்வரிசையில் நிற்பார். கீழ் ஸ்தாயியில் வாசிக்கும்போது குறை சொல்ல நாக்கு வராது. மேலே ஏறினால்தான் சனியன். எண்ணெய் காணாத கதவைத் திறந்தது போல ஒரு கீச்சு வரும்.

வெம்பக்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அது வந்தது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டான். அதற்கப்புறம் சின்னப்பிள்ளைகள் எல்லாம் பெத்தணனைக் கண்டால் போதும், வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு “கீச்ச்” என்று கத்திவிட்டு ஓடும். மனுஷன் கடைக்குப் போக இரண்டு தெரு சுற்றிப் போனார். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கிளாரினெட் வாயில் கட்டுகிற நாணல் பட்டையை, அதுதான் ரீடு, வாசிப்பதற்கு முன்னால் வாயில் போட்டு ஊற வைத்தார். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒரு பாட்டு முடிவதற்குள் காய்ந்துவிடும், மறுபடி ஊற வைத்தார். விரல் துளையைச் சரியாக மூடவில்லையோ என்று விரலை அழுத்தி அழுத்தி நுனியெல்லாம் வட்டம் வட்டமாகப் பதிந்துபோயிற்று. கடைசியில் விருதுநகருக்குக் கொண்டுபோய், பேண்டு சாமான் பழுது பார்ப்பவரிடம் காட்டினார். அவர் கிளாரினெட்டைப் பார்க்கவே இல்லை, வாசிக்கச் சொல்லி இவர் மூஞ்சியைப் பார்த்தார்.

“மேல போகைல தாடையை இறுக்கி ரீடைக் கடிக்கிறீக. கடிச்சா கீச்சத்தான் செய்யும். பயப்படாம ஊதுங்க.”

பயப்படாதே என்று சொன்னவுடன் பயப்படாமல் இருப்பதற்கு இது என்ன சட்டைப் பித்தானா, கழற்றி வைக்க? பெத்தணன் முன்னைவிடக் கூடுதலாகப் பயந்துகொண்டு பஸ் ஏறி வந்தார்.

அப்போதுதான் கோட்டைச்சாமி உள்ளே வந்தான். பெத்தணனுக்கு அடுத்த வீடு. அவரை மாப்ள என்பான், அவரும் அவனை மாப்ள என்பார். கம்பெனியில் அவனுக்கு டெஸ்டிங் வேலை. ஒவ்வொரு லோடிலும் இரண்டு வெடிச் சரத்தை உருவிக் கொளுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். வெடித்து முடிந்ததும் நடுவில் எத்தனை வெடிக்காமல் பொய்த்தது என்று சொல்வான். குப்பையைக் கிளறிப் பார்த்தால் சரியாக இருக்கும். கல்யாண ஊர்வலத்தில் வெடி போடுகிற பொறுப்பையும் ஊரே அவனிடம் கொடுத்திருந்தது.

“மாப்ள, நீ மேல போறப்ப எனக்கு ஒரு சைகை காட்டு. சரத்தைப் பத்த வச்சிருதேன். கீச்சு வந்தா என்ன, கழுதை வந்தா என்ன, எவனுக்குக் கேக்கும்?” என்றான்.

சைகை இதுதான். மேல் ஸ்தாயி நெருங்கும்போது பெத்தணன் கிளாரினெட்டின் வாயை வானத்தைப் பார்க்கத் தூக்குவார். ஓரமாக ஊதுபத்தியோடு நிற்கிற கோட்டைச்சாமி சரத்தில் வைப்பான். சமயத்தில் அவசரத்துக்குத் திரியைக் கிள்ளிக் குட்டையாக்கி வைத்து விரலைச் சுட்டுக்கொள்வான். வெடி படபடவென்று தெருவையே தூக்கும், புகைக்குள் பெத்தணன் கன்னம் உப்பி நிற்பார். புகை விலகும்போது பாட்டு கீழே இறங்கியிருக்கும்.

ஊர் பழைய கீச்சை மறந்து, அதை ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அதுவே முறையாகிவிட்டது. கிளாரினெட் மேலே போனால் சரம் கொளுத்துவதுதான் வித்வானுக்கு மரியாதை என்று மற்ற ஊர்க்காரர்களும் பேச ஆரம்பித்தார்கள். சாத்தூர் பக்கமிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. வேறு செட்டில் நன்றாக வாசிக்கிறவர்களுக்கு வெடி போடாததால், அவர்களுக்கு அவ்வளவாக ஞானம் இல்லை என்று முடிவாயிற்று. நாசமாய்ப் போக, நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பெத்தணனுக்கு மட்டும் அரிப்பு தீரவில்லை. ஒவ்வொரு ஊர்வலம் முடிந்ததும் என்னிடம் வருவார்.

“ஏலே முனியராஜு, கீச்சு வந்துச்சாலே?”

“காது ரெண்டும் அடைச்சுக் கெடக்கு. எனக்கென்னண்ணே தெரியும்?”

கோட்டைச்சாமியிடம் போவார். அவன் விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே, “சரம் சுத்தமா வெடிச்சுச்சு மாப்ள. போயிச் சாப்பிடு” என்பான். அதோடு சரி.

இப்படியே வருஷங்கள் ஓடி, ஒரு தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்தபோது கோட்டைச்சாமி செத்துப்போனான். வெடிமருந்துக்கு நடுவில் காலம் தள்ளியவனைக் காமாலை கொண்டுபோயிற்று. நாங்கள் செட்டோடு போய் வாசலில் நின்றோம். கூட்டாளிகள் கோணி நிறையச் சரம் கொண்டுவந்திருந்தார்கள். அவன் பெண்சாதி செல்லத்தாய் எழுந்து வந்து அதைத் தூரத்தில் எடுத்து வைக்கச் சொன்னாள்.

“வெடி வேண்டாம். பெத்தண அண்ணன் வாசிக்கட்டும். தெரு முக்குல வச்சு, அந்த மேல போற பாட்டை வாசிக்கட்டும். எல்லாரும் ஒருநாளாச்சும் கேக்கட்டும்.”

பெத்தணன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

“வயித்து வலின்னு படுத்துருதேன்லே.”

“கொன்னுபுடுவேன். பாட்டைக் கீழயே வாசிச்சு முடிங்க, எவனுக்குத் தெரியப்போகுது?”

“தங்கச்சி வாய்விட்டுக் கேட்ருச்சேலே. பொணத்துக்கு முன்னால கீச்சுனா சிரிப்பானுகலே. அவனைத் தூக்கிட்டுப் போறப்ப சிரிப்பானுக.”

அவர் பாட்டுக்குப் புது ரீடு ஒன்றை எடுத்து வாயில் போட்டு ஊற வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

தெரு முக்கு வந்தது. பெண்கள் அதற்கு மேல் வரமாட்டார்கள், அங்கேயே நின்றுவிடுவார்கள். பாடையை இறக்கி வைத்தார்கள். பெத்தணன் ஆரம்பித்தார். பல்லவி நன்றாகப் போயிற்று. சரணத்தில் மேலே ஏறுகிற இடம் வந்ததும், பழக்கதோஷம், கிளாரினெட்டின் வாயை வானத்துக்குத் தூக்கிவிட்டார். தூக்கியவர் ஓரக்கண்ணால் தெருவோரம் பார்த்தார். அங்கே ஊதுபத்தியோடு யாரும் இல்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உதடு நடுங்குகிறது.

ஊதினார். சத்தம் சுத்தமாக ஏறிப் போய் நின்றது. கீச்சும் இல்லை, நடுக்கமும் இல்லை. நான் டிரம் அடிப்பதை மறந்துவிட்டேன். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது, ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. பெத்தணன் எப்போதும் இப்படித்தான் வாசிப்பார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களே. ஆச்சரியப்பட்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு செல்லத்தாயிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட இருந்தோம். அவளாகவே நிலைவாசலுக்கு வந்தாள்.

“நல்லா வாசிச்சீகண்ணே.”

பெத்தணனால் பொறுக்க முடியவில்லை. “தாயி, எனக்குக் கீச்சு வரும். இத்தனை வருசமா அதை மூடத்தேன் மாப்ள வெடி போட்டான். இன்னைக்கு என்னமோ புது ரீடுல தப்பிச்சுட்டேன்.”

“கீச்சா?” என்றாள் செல்லத்தாய். “அதுதான் எப்பவோ நின்னுபோச்சுன்னு சொன்னாகளே.”

“யாரு?”

“அவுகதேன். வெடிக்கு நடுவுல கேக்குற காதாச்சே அவுக காது. வெடி போட ஆரம்பிச்ச வருசமே நின்னுபோச்சாம். எவனுக்கும் கேக்காதுங்கிற தைரியத்துல உங்களுக்குக் கடிக்கிறது விட்டுப்போச்சாம். ‘நின்னுபோச்சுன்னு சொன்னேன்னு வையி, வெடி வேண்டாம்பான். வெடி இல்லாட்டி பயந்து மறுபடி கடிப்பான். அவன் பாட்டுக்கு வாசிக்கட்டும், நான் பாட்டுக்குக் கொளுத்துதேன்’னாக.”

பெத்தணன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். கிளாரினெட் மடியில் கிடந்தது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார், அதையும் மீறி அழுகை வந்தது.

“பாவிப்பய,” என்றார். “சும்மாவே விரலைச் சுட்டுக்கிட்டு நின்னுருக்கானேலே.”