ஆடு மேயும் இடம்

வேலூரில் ஆரணி பஸ் ஏறியபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அகன்ற தோள்கள், ஆனால் சதையே இல்லை. சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மடியில் ஆஸ்பத்திரிப் பை.

கண்ணமங்கலத்தருகே சாலை வேலையில் புழுதி எழுந்ததும், ஈரக் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். புழுதி அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.

"தூசி ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல புல்டோசர் ஓட்டிகினு இருந்தேங்க. முன்ன அணுகுண்டு வெடிச்சுப் பாத்த எடம். விஷம் ஏறின மேல்மண்ண வழிச்சு, பள்ளத்துல போட்டு மூடணும்."

"மாஸ்க் குடுக்கலையா?"

"குடுத்தாங்க. சூட்டுல மூச்சு முட்டும், கழட்டிடுவோம். பாக்க நம்ம சேவூர் மண்ணாட்டந்தான் இருந்துச்சு."

நுரையீரலில் கட்டி என்றார். அந்த மண்ணால் வந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறாராம் டாக்டர். வேலைக்கு வைத்த கம்பெனியும் அதையே சொல்லிக் கைகழுவிவிட்டதாம்.

"போவாமலே இருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொல்லாதீங்க. அங்க இப்போ ஆடு மேயுதுங்க. கூட வேல செஞ்சவன் வீடியோ அனுப்பினான்."

போனில் காட்டினார். பச்சைப் புல்வெளி முழுக்க ஆடுகள். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தப் புல்லை ஆடு தின்னலாமா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

சேவூர் நிறுத்தத்தில் காத்திருந்த மனைவி அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனார். நான் விழுங்கிய கேள்வி அந்த மனிதருக்கும் தெரிந்துதான் இருந்ததோ என்று இன்றும் யோசிக்கிறேன்.