அக்காவுக்காக இறக்கிய கம்பி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மேடையில்கூட டிரம்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன். எழுத உட்கார்ந்த துணிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் என் அக்காதான் பாடகி. அவள் குரலுக்காகவே திருவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு மேல் ஸ்தாயி அவளுக்கு எட்டவில்லை. வெளியே தெரியாமலிருக்க எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கினோம். கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் போதும். நான் நாலு கம்பிகளையும் தளர்த்தினேன்.

தளர்த்திய சில நாளில் கம்பிகள் கிட்டார்க் கழுத்தில் பதித்த ஃபிரெட் தகடுகளில் உரசி இரைந்தன. மழைக்காலம், கழுத்து மரம் ஈரத்தில் ஊறிவிட்டது என்று நினைத்தோம். கீபோர்டுக்காரர் போடியில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். அங்கே சூட்டில் கிட்டாரைப் படுக்கவைத்து எடுத்துவந்தார். ஏலக்காய் மணத்தது. இரைச்சல் கூடியிருந்தது.

"ஏலே, என் தொண்டையையும் அங்கன கொண்டுபோயி காயப்போடு" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒரே சத்தந்தான் போடுது."

ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தபோதுதான் கழுத்து பின்பக்கம் வளைந்திருப்பது தெரிந்தது. உள்ளே ஓர் இரும்புத் தண்டு கம்பிகளின் இழுப்புக்கு எதிராகக் கழுத்தைப் பிடித்திருக்கும். கம்பி தளர்ந்ததும் தண்டின் பிடி மிஞ்சிவிட்டது. ஆலன் சாவியால் தண்டைக் கால் சுற்று தளர்த்தினேன். கழுத்து மெல்ல நிமிர்ந்தது, இரைச்சல் நின்றது.

அடுத்த மழைக்கு அக்கா இல்லை.

அல்லிநகரத்து வீட்டில் கிட்டார் சுவரில் சாய்ந்தே கிடந்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் அதன் அடிக்கம்பி தானாக முனகும். பாடுவதற்கு முன் அக்கா வாய்க்குள் சுருதி பிடிக்கும் அதே சத்தம். கிரைண்டரின் அதிர்வுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அறைக்குள் போகப் பயம். கிரைண்டர் ஓடாத நாளில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

ஒருநாள் கீபோர்டுக்காரர் வந்தார். "மயிலாடும்பாறைத் திருவிழாக் கமிட்டியில இருந்து வந்து கேட்டாக. கம்பத்துப் பொண்ணு ஒண்ணு பழைய கட்டையிலயே பாடுது. நாளைக்குக் கச்சேரி. கம்பிய ஏத்துறியா, வேற ஆளப் பாக்கவா?"

ஏற்றினால் அந்த முனகல் போய்விடும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஏற்றினேன். தண்டை மட்டும் தொடவில்லை. அது அக்காவுக்காக வைத்த அளவு.

ஒத்திகையில் கழுத்து இப்போது முன்பக்கம் வளைந்தது. கம்பிகள் எழும்பி நின்றன. அழுத்தி வாசிக்க வாசிக்கச் சுருதி மேலே விலகியது. அந்தப் பெண் பாட்டை இரண்டு தடவை நிறுத்தினாள்.

"அண்ணே, நான் வெலகுறேனா, நீங்க வெலகுறீகளா?"

"நாந்தான் தாயி" என்றேன்.

"அவன் கிட்டாருல பேய் இருக்கு" என்றார் கீபோர்டுக்காரர் சிரித்தபடி. பிறகு என் முகத்தைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்.

கிட்டாரை மடியில் போட்டேன். சாவியை நுழைத்து அதே கால் சுற்றைத் திரும்ப முறுக்கினேன். மரம் ஒருமுறை முறிவது போலச் சத்தமிட்டு அடங்கியது. லேசாக ஏலக்காய் வாசம் வந்தது.

மறுநாள் கச்சேரிக்குப் புறப்படும்போது பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடியது. கம்பி சும்மா இருந்தது.