அவர் அமுக்காத பொத்தான்

பாறசாலையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவர் காரோடு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், கல்லூரியில் தற்காலிக ஆசிரியர், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் படிவத்தை நான்தான் நிரப்புவேன். அவர் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் வாசிப்பார். பிறகு கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, கடைசிப் பொத்தானைத் தாமே அமுக்குவார். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியாக வந்த அன்று ஒரு வரியில் நின்றுவிட்டார். ‘இக்கட்டுரை வேறெந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை என உறுதியளிக்கிறேன்.’

“இதுல டிக் போடாம அனுப்ப ஒக்காதா மக்கா?”

“ஒக்காது சாரே. டிக் இல்லேண்ணா போவாது.”

“முதல்ல அனுப்பின இதழ்ல எட்டு மாசமா பதில் இல்ல. கட்டுரைய திருப்பி எடுக்கேண்ணு மூணு கடிதம் போட்டேன். அதுக்கும் பதில் இல்ல. ஓணத்துக்குள்ள அச்சுல வரல்லேண்ணா என் பதிவு ரத்தாக்கும். பத்து வருசம் மக்கா.”

“அப்பம் டிக் போடுங்க சாரே. ஆரு பாக்கப்போறா?”

விரல்களைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கை மட்டும் மவுஸுக்குப் போகவில்லை.

“நீயே போடு,” என்று முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போட்டேன். பொத்தானையும் நானே அமுக்கினேன். எனக்கென்ன, தினமும் யார் யாருக்காகவோ உறுதியளிக்கிறவன்.

“போயாச்சு சாரே.”

எழுந்தார். எதையுமே தொடாத அந்த விரல்களை, படியிறங்கி பஸ் ஸ்டாப் போகும்வரை துடைத்துக்கொண்டே போனார்.