பேச்சுச் சத்தத்தை நம்பிய மிளா

1. முதல் நாள் ரோந்து

சின்னமனூருக்கு மேலே மலையில் எனக்கு வனவராக மாறுதல் வந்தபோது, ரேஞ்சர் வளவளவென்று எதுவும் சொல்லவில்லை. "அங்கன மிளா சுடுறாய்ங்கய்யா. எங்கன உக்காந்து சுடுறாய்ங்கன்னு மட்டும் கண்டுபிடி, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். கேட்பதற்கு என்னவோ சுலபமான வேலை மாதிரித்தான் இருந்தது.

மிளா என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடமான். மாட்டுக்கு நிகரான உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு சருகு நொறுங்காமல் நடக்கும். புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகள் புலியைப் பார்க்க வேண்டும், யானையைப் பார்க்க வேண்டும் என்று அலைகிறார்கள். நான் என் சர்வீஸில் அசந்துபோய் நின்றது ஒரு மிளாவின் மூளையைப் பார்த்துத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நானும் வாட்சர் மொக்கராசும் காலையிலேயே சோலைக்காட்டுக்குள் இறங்கினோம். டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தது எனக்கு வேதவாக்கு. பேசக் கூடாது, பீடி கூடாது, இருமல் வந்தால்கூட விழுங்கிவிட வேண்டும். மொக்கராசு பாவம், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். குளம்புத் தடம் இருந்தது, புழுக்கை இருந்தது, மிளாவைத்தான் காணவில்லை.

உள்ளே ஒரு நீர்க்குட்டை. அதற்கு மேலே மரத்தில் வேட்டைக்காரர்கள் கட்டிய பரண் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு இற்றுப் போயிருந்தது. குட்டைக் கரையிலும் புதுத் தடம் எதுவும் இல்லை. "சுட்டுச் சுட்டு, இப்ப தண்ணி குடிக்கக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல சார். உக்காந்தவய்ங்களும் சலிச்சுப்போய் எந்திரிச்சுப் போயிட்டாய்ங்க" என்றான் மொக்கராசு. அப்படியானால் மிளாவும் அதைச் சுட வந்தவர்களும் எங்கே போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் சோலையை விட்டு வெளியே வந்தால் தேயிலைத் தோட்டம். பெண்கள் வரிசையாக நின்று கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடேயப்பா, என்ன சத்தம்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மருமகளைத் திட்டுகிறார்கள், மகன் பரீட்சையில் கோட்டைவிட்டதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில், பட்டப்பகலில், சோலை ஓரத்துப் புல்லில் ஒரு பெட்டை மிளா குட்டியோடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தவன் நான். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஓசைப்படாமல் இரண்டு எட்டு எடுத்து வைத்தேன். மிளா தலையைத் தூக்கியது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. அடுத்த நொடி தாயும் இல்லை, குட்டியும் இல்லை.

"ஏய்யா, எவம்ப்பா அது, ஊமைக்கோட்டான் மாதிரி வந்து நிக்கிறது?" என்று ஒரு குரல் பாய்ந்து வந்தது. அதுதான் சுருளியம்மாள். வருசநாட்டுக்காரர், அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. யூனிஃபார்மைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "சார், நாலு வார்த்த பேசிக்கிட்டு வரக்கூடாதா? பேசாம வந்தா ஓடாம என்ன செய்யும்?"

"நான் ஃபாரஸ்டரும்மா."

"அது அவளுக்குத் தெரியுமா?"

பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மொக்கராசும் சிரித்தான். நான் தொப்பியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

2. வளையல்காரி

அந்த மிளாவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வளையல்காரி. முன்னங்காலைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வட்டத் தழும்பு. எப்போதோ கம்பிச் சுருக்கில் மாட்டி, அறுத்துக்கொண்டு தப்பித்திருக்கிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அது மறக்கவே இல்லை.

நான் பிறகு தினமும் அங்கே போய்ப் பார்த்தேன், பேசிக்கொண்டே. என்ன பேசுவது என்று தெரியாமல் மொக்கராசிடம் அவன் மாமியார் வீட்டுச் சண்டையை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வளையல்காரி ஓடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மேய்ந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும், காது திரும்பிவிடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கொல்ல வந்தவன் ஒருத்தன்கூடப் பேசிக்கொண்டு வந்ததில்லை. பேசுகிறவர்கள் ஒருநாளும் அதன்மேல் கை வைத்ததில்லை. ஆகவே சத்தம் போடுகிற மனிதன் நல்லவன், சத்தம் போடாதவன் எமன். நான் எவ்வளவு ஒழுங்காக ரோந்து போனேனோ அவ்வளவுக்கு எமனாக இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு. அன்றைக்குப் பேச்சுச் சத்தம் இருக்காது, வளையல்காரியும் சோலையை விட்டு வெளியே வராது. என்ன கணக்கு! நாலெழுத்துப் படித்த நமக்கு இந்தப் புத்தி வருமா என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுகூட என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரேஞ்சரிடமும் பெருமையாகச் சொன்னேன். வேலை நாளில் இத்தனை பேர் மத்தியில் எவனும் துப்பாக்கி தூக்க முடியாது, ஆள் இல்லாத நாளில் மிளாவே வராது என்றேன். அவர் என்னைவிட அனுபவஸ்தர். "சரிய்யா, மிளா இம்புட்டு யோசிச்சா, அதைத் திங்கிறவன் யோசிக்காமலா இருப்பான்?" என்றார்.

3. ஞாயிற்றுக்கிழமை

அடுத்த மாதமே பதில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல மூடுபனி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்துக் கடையில் நானும் மொக்கராசும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே குழாயடியில் சுருளியம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தார். கீழே தோட்டத்திலிருந்து பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. லீவு நாளில் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்க வாயெடுத்தேன்.

"சாயம் போவாதுன்னு உங்க ஆத்தா மேல சத்தியம் பண்ணு, அப்பறம் எடுக்குறேன்" என்று கீழேயிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

சுருளியம்மாள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டார். "சார்... அங்கன பேசுறது நான்தான் சார்!"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவரே மடமடவென்று சொன்னார். "போன வாரம் நைட்டி விக்க ஒருத்தன் வந்தான் சார், தோட்டத்துக்கே. சாப்பாட்டு நேரத்துல எங்ககூட உக்காந்து, விலை குறைக்காம, வாயைக் கிண்டிக் கிண்டிப் பேச விட்டான். படுபாவி, அம்புட்டையும் செல்லுல பிடிச்சிருக்கான்!"

வியாபாரமாவது மண்ணாவது. காட்டுக்குள் உட்கார்ந்து பயனில்லை என்று தெரிந்துகொண்டவன், மிளா எந்த இடத்தை நம்புகிறதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, எந்தச் சத்தத்தை நம்புகிறதோ அந்தச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒழிந்துபோவான், கெட்டிக்காரன்தான்.

சரிவின் விளிம்புக்கு ஓடினோம். பனி விலகி விலகி மூடியது. கீழே பம்ப் ஷெட் பக்கத்தில் தேயிலைச் செடிக்குள் இரண்டு தலைகள். துப்பாக்கிக் குழல் சோலையைப் பார்த்து நீண்டிருந்தது. சோலை ஓரத்தில் குட்டி ஏற்கெனவே புல்லுக்கு வந்துவிட்டது. வளையல்காரி அதன் பின்னால் ஒவ்வொரு அடியாக வெளியே வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் குறிக்குள் வந்துவிடும். இறங்கிப் போய் அவர்களைப் பிடிக்க நேரமில்லை.

"ஏ வளையலு, ஓடு!" என்று கத்த சுருளியம்மாள் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "கத்தாதீக! உங்க சத்தத்தைக் கேட்டா இன்னும் தைரியமாத்தான் வரும்."

அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப என்னதான் சார் செய்ய?"

அதற்கு வழி முதல் நாள் வளையல்காரியே எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். எமன் மாதிரி நடக்க வேண்டும். துப்பாக்கி பார்த்திருந்த திசைக்கு விலகி, இடது பக்கமாகச் சோலையை நோக்கி ஒரு தடம் போகிறது. காற்றும் எங்கள் வாடையைத் தூக்கிக்கொண்டு முதுகிலிருந்து அந்தப் பக்கம்தான் வீசியது. நானும் மொக்கராசும் இறங்கினோம். வரவேண்டாம் என்று சொல்லியும் சுருளியம்மாள் பின்னாலேயே வந்தார். மூன்று பேரும் குனிந்து, பதுங்கி, மூச்சு விடாமல் நடந்தோம். தூக்கத்தில்கூடப் பேசுகிறவர் என்று லயமே கேலி செய்யும் அந்தம்மா, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்தார்.

வளையல்காரி நின்றது. ஒரு காது செல்போன் பேச்சின் பக்கம், ஒரு காது எங்கள் பக்கம். பேச்சு வா என்கிறது, காற்று வராதே என்கிறது. காற்றை நம்பு தாயி, எங்களை நம்பாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். முன்னங்காலை ஓங்கித் தரையில் தட்டியது. மலையே அதிரும்படி ஒரு கனைப்பு. குட்டி பந்துபோல் துள்ளித் திரும்பியது. இரண்டும் சோலைக்குள் மறைந்த பிறகுதான் வெடிச் சத்தம் கேட்டது. ஆத்திரத்தில் வெறும் பனியைச் சுட்டிருக்கிறான்.

சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். சுருளியம்மாள் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் நைட்டிக்காரன் மேல் கொட்டினார். செடிக்குள் கிடந்த ஸ்பீக்கரில் அவர் குரல் அப்போதும் சாயம் போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

4. பிறகு

கேஸ் நடந்தது, ரேஞ்சர் பாராட்டினார். ஆனால் வளையல்காரி வெளியே வரவில்லை. திங்கள் வந்தது, பெண்கள் வழக்கம்போலப் பேசினார்கள், சோலை ஓரம் காலியாகக் கிடந்தது. வாரக்கணக்கில் அப்படியே. "எங்க பேச்சையே அவ நம்பாம ஆக்கிப்புட்டானே சார்" என்று சுருளியம்மாள் மாய்ந்துபோனார். எனக்கும் மனசு ஆறவில்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டோம், அது நம்பி மேய்ந்த இடத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்றிருந்தது.

மழை விட்ட ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். சாப்பாடு முடிந்து பேச்சு களைகட்டியது. சோலையில் ஓர் இலை அசையவில்லை. பெண்கள் எழுந்து கத்தரியைக் கையில் எடுத்தார்கள். சரக் சரக்கென்று வெட்டுச் சத்தம் பேச்சோடு சேர்ந்ததும், செடி மறைவில் ஒரு காது தெரிந்தது. பிறகு ஈர மூக்கு. பிறகு தழும்பு விழுந்த அந்தக் கால்.

சுருளியம்மாள் வெட்டுவதை நிறுத்தினார். காது திரும்பியது, கால் பின்னுக்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. நைட்டிக்காரன் சாப்பாட்டு நேரத்தில் பிடித்த பேச்சில் கத்தரிச் சத்தம் கிடையாது.

மான் பயப்படும் இடத்தைக் காவல் காப்பது பெரிய வேலை இல்லை, தம்பிகளா. அது எந்த இடத்தை நம்புகிறது என்று தேடிப் பிடித்து அங்கே காவல் நில்லுங்கள். வேட்டைக்காரனும் அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

சுருளியம்மாள் அதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்துவிட்டார். "ஏத்தா, கைய நிறுத்தாதீகடி, அவ சாப்புடட்டும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். அன்றைக்கு வேலை முடிந்து சங்கு ஊதிய பிறகும் ஒருத்தரும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.